ஒரு வரிசை கெட்டால் முழு ரேமும் குப்பையா?

"பி.காம் படிக்கிற உனக்கு மெமரி சிப்போட என்னய்யா வேலை"ன்னு கேட்கப் போகிற மகாஜனங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எலக்ட்ரானிக்ஸ் பதிவு இல்லை, கணக்குப் பதிவு. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் ஒரு மாற்று பாகம் இருக்கிறது. அதற்கும் சேர்த்துதான் காசு வாங்குகிறார்கள். ஆனால் வாங்கியவன் மட்டும் அதைப் பயன்படுத்த முடியாது. அதைப் பற்றிய பதிவு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

பொட்டி திடீர் திடீரென்று ஹேங் ஆகும். நீலத்திரை வரும். ஜிப் ஃபைல் திறக்காது. விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் அதே கதை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பதில் தயாராக இருக்கும்: "ரேம் போயிடுச்சு தம்பி, புதுசு போட்டுடலாம்."

போயிடுச்சு என்றால் எவ்வளவு போயிடுச்சு? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆயிரம் ரூபாய்க் கடன் வராமல் போனாலே எவ்வளவு, யாரிடம், என்றைக்கு என்று லெட்ஜரில் எழுதச் சொல்கிறார்கள் நமக்கு. ரேம் விஷயத்தில் மட்டும் ஒரே வார்த்தையில் முழுசையும் தள்ளுபடி செய்துவிட்டு வந்துவிடுகிறோம்.

முதலில் கொஞ்சம் பாடம்

நம் ரேமுக்குள் இருப்பது டிராம் என்கிற வகை மெமரி. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். கெபாசிட்டரில் மின்சாரம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சிக்கல் என்னவென்றால் அது ஓட்டைக் குடம் மாதிரி. கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சாதாரண வெப்பநிலையில் 64 மில்லி நொடிக்குள் எல்லா வரிசையையும் ஒரு சுற்று படித்து, திரும்ப நிரப்பி வைக்க வேண்டும்.

இந்த பிட்டுகள் நம் கணக்கு நோட்டு மாதிரி வரிசை, பத்தி என்று அடுக்கப்பட்டிருக்கும். எதைப் படிப்பதாக இருந்தாலும் முதலில் அது இருக்கும் முழு வரிசையும் திறக்கப்படும். அதனால் ஒரு வரிசையின் கம்பியில் கோளாறு என்றால் அந்த வரிசை முழுக்கவே நம்ப முடியாததாகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். டிடிஆர்4 வகையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 கிகாபிட் சிப் ஒன்றில் 16 பேங்க். (எஸ்பிஐ, இந்தியன் பேங்க் இல்லை, சிப்புக்குள் இருக்கும் பகுதிக்கு அதுதான் பெயர்.) ஒரு பேங்கில் 65,536 வரிசைகள். ஆக மொத்தம் ஒரு சிப்பில் 10,48,576 வரிசைகள். இப்படி எட்டு சிப் சேர்ந்தால் ஒரு 8 ஜிபி ரேம். அதாவது 83,88,608 வரிசைகள்.

அதில் ஒரே ஒரு வரிசை கெட்டால் நாம் என்ன செய்கிறோம்? மீதி 83,88,607 நல்ல வரிசைகளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம். ஒரு பக்கத்தில் மை கொட்டியதற்காக ஒரு நூலகத்தையே இடிப்பதைவிட மோசம் இது.

ஸ்டெப்னி இருக்கிறது, தெரியுமா?

எல்லா வரிசையும் பிறவியிலேயே நல்லதாக இருக்கிற சிப்பை மட்டும்தான் விற்பது என்று முடிவு செய்தால் எந்தக் கம்பெனியும் பிழைக்க முடியாது. இத்தனை கோடி பிட்டில் எங்காவது ஒன்று கோணலாகத்தான் இருக்கும். இது தெரிந்துதான் சிப்பிலேயே கூடுதலாகச் சில வரிசைகளையும் பத்திகளையும் சேர்த்தே செய்கிறார்கள். காரின் டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னி மாதிரி.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1979-லேயே பெல் ஆய்வகப் பொறியாளர்கள் 64 கிலோபிட் சிப் ஒன்றில் இதைச் செய்து காட்டினார்கள். சிப்புகளைத் தனித்தனியாக வெட்டும் முன், சிலிக்கான் தட்டில் இருக்கும்போதே சோதித்துப் பார்ப்பது. எந்த வரிசை கெட்டது என்று குறித்துக்கொள்வது. லேசரால் சின்னச் சின்ன ஃப்யூஸ்களை எரித்து, "இனிமேல் அந்த முகவரி வந்தால் இந்த ஸ்பேர் வரிசையைத் திற" என்று நிரந்தரமாக எழுதிவிடுவது. வெளியே இருந்து பார்க்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

இன்றைக்கு இந்தத் தொழில் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. நீங்கள் "புத்தம் புதுசு" என்று வாங்கும் ரேமும் பெரும்பாலும் உள்ளே ஒட்டுப் போட்டதுதான். அதில் தப்பே இல்லை. நான் குறை சொல்வதும் அதை இல்லை.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் சாதாரண இழப்பு என்று படிக்கிறோமே, ஞாபகம் இருக்கிறதா? தயாரிப்பில் தவிர்க்கவே முடியாத இழப்பின் செலவை நல்ல யூனிட்டுகளின் தலையில் ஏற்ற வேண்டும். ஸ்பேர் வரிசைகளுக்குப் போகும் சிலிக்கான் பரப்பும் அப்படித்தான். அந்தச் செலவு நாம் கொடுக்கும் விலைக்குள் இருக்கிறது. வாரா ஐயக்கடன் ஒதுக்கு மாதிரி, வருங்கால நஷ்டத்துக்காக முன்கூட்டியே எடுத்து வைத்த தொகை. எடுத்தது நம் பாக்கெட்டில் இருந்து. பிறகு அந்த ஒதுக்கை யார் பயன்படுத்தலாம் என்பதுதான் கேள்வி.

விற்ற பிறகும் மாற்றலாம்

லேசரால் எரிப்பதைப் பேக்கேஜுக்குள் மூடிய பிறகு செய்ய முடியாது. ஆனால் மின்சாரத்தாலேயே எழுதக்கூடிய ஃப்யூஸ்கள் வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. 2012-ல் ஜெடெக் அமைப்பு வெளியிட்ட டிடிஆர்4 தரத்தில் இதற்கென்றே ஒரு வழிமுறை இருக்கிறது. போஸ்ட் பேக்கேஜ் ரிப்பேர், சுருக்கமாக பிபிஆர். சிப் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும்போதே, கெட்ட வரிசையின் முகவரியைக் கொடுத்து ஸ்பேரை அதன் இடத்தில் போடச் சொல்லலாம்.

இதில் இரண்டு வகை. ஹார்டு ரிப்பேர் என்றால் நிரந்தரம், ஃப்யூஸில் எழுதப்படும், திரும்பப் பெற முடியாது. சாஃப்ட் ரிப்பேர் என்றால் தற்காலிகம், கரண்ட் போனால் மறந்துவிடும். டிடிஆர்4-ல் ஒரு பேங்க் குரூப்புக்கு ஒரு வரிசை வீதம் இப்படிச் சரிசெய்யலாம். மேலே சொன்ன 8 கிகாபிட் சிப்பில் நான்கு பேங்க் குரூப் உண்டு. எட்டு சிப் இருக்கிற ரேமில் மொத்தம் 32 ஸ்டெப்னி.

நிரந்தரமாக எழுத எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? இந்த வகை சிப்புக்கு ஒரு நொடி. 16 பிட் அகலச் சிப்புக்கு இரண்டு நொடி.

2020-ல் வந்த டிடிஆர்5 தரத்திலும் இது இருக்கிறது. அதில் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பேங்கில் ஸ்பேர் மீதி இருக்கிறது என்று சிப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எந்த வரிசையில் அதிகப் பிழை வந்தது என்பதையும் சிப்பே குறித்து வைத்துக்கொள்ளும். நோயாளியே தன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கேட்கத்தான் ஆள் இல்லை.

யாருக்குக் கிடைக்கிறது?

சர்வர் வாங்குகிறவர்களுக்கு. டெல் கம்பெனியின் பவர்எட்ஜ் போன்ற சர்வர்களில், ஒரு வரிசை தொடர்ந்து தகராறு செய்தால் இயந்திரம் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ரீபூட் ஆகும்போது பயாஸே ஸ்பேர் வரிசையை மாட்டிவிட்டு, லாக்கில் ஒரு வரி எழுதி வைத்துவிடும். யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டியதில்லை.

வீட்டுப் பொட்டிக்கு? அது மதர்போர்டு செய்தவர் இஷ்டம். ரேம் பெட்டியின் மேல் மெகாஹெர்ட்ஸ் போட்டிருக்கும். கலர் கலராக விளக்கு எரியும் என்று போட்டிருக்கும். பறக்கிற டிராகன் படம்கூட இருக்கும். உள்ளே ஸ்டெப்னி உண்டு, இப்படி மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறதா, நீங்களே எடுத்துப் பாருங்கள்.

"இதெல்லாம் சாமானியனுக்குப் புரியாதுப்பா" என்று சொல்பவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுகிறேன். அதே பொட்டிக்குள்தான் இருக்கிறது. அதில் ஒரு செக்டர் கெட்டால் டிஸ்க்கே ஸ்பேர் செக்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளும். இதுவரை எத்தனை மாற்றியிருக்கிறது என்ற எண்ணிக்கையையும் ஸ்மார்ட் என்ற வசதியில் காட்டும். இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு எந்தப் பள்ளிக்கூடப் பையனும் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விலையே பேசுகிறார்கள். டிஸ்க்கில் பல வருஷமாக நடக்கிற ஒன்று ரேமில் மட்டும் ஏன் ராணுவ ரகசியம்?

காஸ்மிக் கதிர் கதை

ரேம் பிழை என்றாலே விண்வெளியில் இருந்து கதிர் வந்து பிட்டைத் தட்டிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நடக்காத விஷயம் இல்லை. ஆனால் முக்கியக் குற்றவாளி அது இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

2009-ல் கூகிள் தன் சர்வர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம்களில் பிழை வந்தது. அதில் பெரும்பங்கு போகிற போக்கில் வரும் பிழை இல்லை, வன்பொருள் கோளாறு என்பதுதான் அவர்கள் முடிவு. அமெரிக்காவின் ஜாகுவார் சூப்பர் கம்ப்யூட்டரை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்விலும் கோளாறுகளில் சுமார் 70 சதவீதம் நிரந்தர வகை.

"அதெல்லாம் சர்வர்" என்பீர்கள். 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் பத்து லட்சம் சாதாரணப் பயனாளர் கம்ப்யூட்டர்களின் தகவலை வைத்துப் பார்த்தார்கள். 30 நாள் சிபியூ நேரம் ஓடிய பொட்டிகளில், ஒரு பிட் ரேம் பிழையால் கிராஷ் ஆனது 1700-க்கு ஒன்று. கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு முறை ஆன பொட்டி இரண்டாவது முறை ஆவதற்கான வாய்ப்பு 12-ல் ஒன்று. திரும்பத் திரும்ப ஆனவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் அதே முகவரியில்!

அதே முகவரி. கதிர் வந்து தட்டுவதாக இருந்தால் குறி வைத்து அதே இடத்திலா தட்டும்? இடம் தெரிந்த கோளாறு. மாற்று பாகம் பக்கத்திலேயே இருக்கிற கோளாறு. சரிசெய்ய ஒரு நொடி ஆகிற கோளாறு. இதற்குத்தான் முழு ரேமையும் மாற்றச் சொல்கிறார்கள்.

சப்பைக்கட்டுகள்

ஒன்று: "ஒரு வரிசை கெட்டால் மற்றதும் வரிசையாகக் கெடும், அதனால் மாற்றுவதே நல்லது." சில ரேமில் உண்மை. அப்படிக் கெட்டுக்கொண்டே போகிறதைத் தூக்கிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த நியாயம் சர்வருக்கு ஏன் பொருந்தவில்லை? பல கோடி ரூபாய் வியாபாரம் ஓடுகிற இயந்திரத்தில் முதலில் ஸ்பேரைப் போட்டுப் பார்க்கிறார்கள். கல்லூரி புராஜெக்ட் ஓடுகிற பொட்டியில் கூடாதாம்.

இரண்டு: "பயனாளர் கையில் கொடுத்தால் வைரஸ் புகுந்து எல்லா ஸ்பேரையும் வீணடித்துவிடும்." நியாயமான பயம். ஹார்டு ரிப்பேரைத் திரும்பப் பெற முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் அந்த நிலைக்குள் போகவே ஒரு குறிப்பிட்ட கட்டளை வரிசையைச் சாவி மாதிரி சரியாகக் கொடுக்க வேண்டும் என்று தரத்திலேயே வைத்திருக்கிறார்கள். விண்டோஸுக்குள் இருந்து செய்ய விடச் சொல்லி நான் கேட்கவில்லை. பொட்டி ஆன் ஆகும்போது, பயாஸ் மெனுவில், "இந்த வரிசை கெட்டிருக்கிறது, மாற்றவா?" என்று ஒரு கேள்வி போதும். பயாஸையே அப்டேட் செய்ய நம்மை நம்புகிறார்கள். அதில் தப்பு செய்தால் மதர்போர்டே செங்கல். இதற்கு மட்டும் நம்ப மாட்டார்களா?

மூன்று: "வாரண்டியில் மாற்றித் தருகிறார்களே?" தனியாக வாங்கிய பிராண்ட் ரேமுக்குத் தருவார்கள். லேப்டாப்போடு வந்த ரேமுக்கு லேப்டாப் வாரண்டி முடிந்த மறுநாளே கதை முடிந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவன் கையில் பில்லே இருக்காது. நம் வகுப்பில் எத்தனை பேர் புது லேப்டாப் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கொடுமை இருக்கிறது. மெலிசான லேப்டாப்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். கழற்றி மாற்ற இடமே கிடையாது. ஒரு வரிசை கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும், பாதி லேப்டாப் விலை. இந்த வகையில் வரும் எல்பிடிடிஆர்4 தரத்திலும் பிபிஆர் உண்டு என்பதுதான் வேதனை. எங்கே மாற்று வழியே இல்லையோ அங்கேதான் இது அவசியம்.

நான்கு: "டிடிஆர்5-ல் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி வந்துவிட்டது." வந்தது. 128 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து ஒரு பிட் பிழையைத் திருத்தும். நல்லதுதான். ஆனால் வரிசை முழுக்கவே போனால் ஒரு பிட் திருத்தம் என்ன செய்யும்? தலைவலிக்கு மாத்திரை கொடுத்து எலும்பு முறிவைச் சமாளிப்பது போலத்தான். அதுவும் திருத்தியதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். உள்ளே நிலைமை மோசமாவது நமக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ளும் வசதிக்கும் தனிக் காசு என்பது பழைய கதை. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஈசிசி மெமரியை இன்டெல் பல வருஷம் பெரும்பாலும் ஜியான் பக்கமே ஒதுக்கி வைத்திருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதற்காகவே இன்டெலை வெளுத்து வாங்கினார். பிழையை அறிவது ஒரு பூட்டு, சரிசெய்வது இன்னொரு பூட்டு. இரண்டு சாவியும் பணக்காரக் கஸ்டமரிடம்.

இதற்குப் பெயர் என்ன?

பொருளாதாரப் புத்தகத்தில் படித்திருக்கிறோம், விலை பேதம் காட்டுதல். ஒரே மாதிரிப் பொருளை வெவ்வேறு ஆளுக்கு வெவ்வேறு விலைக்கு விற்பது. இங்கே அதில் ஒரு சின்னத் திருப்பம். சிப்புக்குள் இருக்கும் வசதி ஒன்றுதான். ஒருவனுக்குச் சொல்லி விற்கிறார்கள், இன்னொருவனுக்குச் சொல்லாமல் விற்கிறார்கள்.

போட்டி இருந்தால் யாராவது ஒருவர் "எங்கள் ரேமில் ஸ்பேர் வரிசையை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்" என்று விளம்பரம் செய்திருப்பார். ஆனால் உலக டிராம் சந்தையில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேர் கையில். சில்லோர் முற்றுரிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேர்வில் எழுத முடியாது. இந்தத் தொழிலின் பூர்வீகமும் அப்படி. கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்ததற்காக அமெரிக்காவில் 2005-ல் சாம்சங்குக்கு 30 கோடி டாலரும் ஹைனிக்ஸுக்கு 18.5 கோடி டாலரும் அபராதம். 2010-ல் ஐரோப்பிய ஆணையம் பல கம்பெனிகளுக்குச் சேர்த்து 33.1 கோடி யூரோ போட்டது. முதலில் போய்க் காட்டிக்கொடுத்ததால் மைக்ரான் தப்பித்தது.

இதை இப்போது எழுதக் காரணமும் இருக்கிறது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், க்ரூசியல் பிராண்டில் நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்பதை 2026 பிப்ரவரியோடு நிறுத்தப் போவதாகவே அறிவித்தது. மலிவாக இருந்த காலத்தில் "போனால் போகட்டும், புதுசு வாங்கு" என்றார்கள். சரி, இப்போது? புதுசும் விற்க மாட்டோம், இருப்பதைச் சரிசெய்யவும் விட மாட்டோம் என்றால் எங்கேதான் போவது?

என்ன கேட்கிறேன்?

பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்றுதான்.

1. ஒவ்வொரு மதர்போர்டு, லேப்டாப் பயாஸிலும் ஒரு மெமரி சோதனை, அதில் கெட்ட வரிசை தெரிந்தால் மாற்ற ஒரு மெனு.

2. எத்தனை ஸ்பேர் இருந்தது, எத்தனை மீதி என்று ஹார்ட் டிஸ்க் காட்டுவது போல ரேமும் காட்ட வேண்டும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவனுக்கு இது ஆர்சி புக் மாதிரி.

3. ரேம் பெட்டியின் மேல் ஒரு வரி: இதில் பிபிஆர் உண்டு, இப்படிச் செய்யலாம். டிராகன் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் இடம் கிடைக்கும்.

இதில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. சிப்பில் வேலை முடிந்துவிட்டது. தரம் எழுதி பல வருஷம் ஆகிவிட்டது. பாக்கி இருப்பது மென்பொருளும் மனசும்தான்.

அதுவரை ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டையாக ஒரு வழி இருக்கிறது. கெட்ட இடத்தைச் சரிசெய்யாமல், அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. 2000 வாக்கிலேயே ரிக் வான் ரெயின் என்பவர் லினக்ஸுக்கு பேட்ரேம் என்று ஒரு ஒட்டு எழுதினார். கெட்ட முகவரிகளைக் கொடுத்தால் கெர்னல் அவற்றைத் தொடாது. இன்றைக்கு கிரப் மூலமாகவோ, கெர்னலின் மெம்மேப் அமைப்பு மூலமாகவோ அதையே செய்யலாம். விண்டோஸிலும் பிசிடிஎடிட் கட்டளையில் கெட்ட மெமரிப் பட்டியல் கொடுக்க வழி உண்டு. சாதாரண ஆட்கள் தங்கள் ரேமைக் காப்பாற்ற இவ்வளவு சுற்று வழியில் போகிறார்கள் என்றால், நேர்வழியைத் திறந்துவிடச் சொல்வது பேராசையா?

நம் ஸ்டெப்னி, நம் டிக்கி, நாம் கொடுத்த காசு. டிக்கியின் சாவியை மட்டும் ஷோரூமிலேயே வைத்துக்கொள்வார்களாம். காராக இருந்தால் முதல் பஞ்சரிலேயே ஷோரூம் வாசலில் சண்டை போட்டிருப்போம். ரேம் சின்னதாக இருப்பதால் சும்மா இருக்கிறோம்.

டிஸ்கி: அடுத்த முறை யாராவது "ரேம் போயிடுச்சு" என்று சொன்னால், உடனே பர்ஸை எடுக்காதீர்கள். மெம்டெஸ்ட்86+ இலவசம். பென் டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். பிழை ஒரே முகவரியைச் சுற்றி வருகிறதா, கண்டபடி வருகிறதா என்று பாருங்கள். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஸ்லாட் மாற்றியும் பாருங்கள், சில சமயம் கோளாறு அங்கேயே இருக்கும். எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு தள்ளுபடி செய்யலாம். எலக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகச் சண்டைக்கு வரலாம், காத்திருக்கிறேன்.